எபினேயிலிருந்து இருபத்திரண்டு நிமிடம்

புது மைதானத்தில் எங்கட அணியை இதுவரைக்கும் ஒருத்தரும் ஆடித் தோற்கடித்ததில்லை. தோற்கடிக்கிறதென்றால் முதலில் எதிரில் ஒன்பது பேர் நிற்கவேணும்.

இந்த வசனத்தோடு தொடங்கலாமா என்று மலர்க்குழுவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கொரு உபகுழு போடுவார்கள். மைதானம் திறந்து ஒரு வருடம் நிறைகிறதாம். ஆண்டு மலர் வருகிறதாம். "புதிய மைதானத்தின் அமைவிடமும் எமது அணியின் வெற்றியும்" என்ற தலைப்பில் இரண்டு பக்கத்துக்கு மிகாத கட்டுரை ஒன்றும், சேலை உடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றும் அனுப்பவேணுமாம். கடிதத்தில் என்னை "எமது சமூகத்தின் கல்விச் செல்வம் செல்வி தாட்சாயினி" என்று விளித்திருந்தார்கள். படம் அனுப்பமாட்டேன். கட்டுரை இதுதான். இரண்டு பக்கத்தை மிஞ்சும்.

பேரவை என்று நான் சொல்வது பாரிஸ் வட்டாரத் தமிழர் விளையாட்டு மேம்பாட்டுப் பேரவையை. அதற்கு ஒரு தலைவர், மூன்று உபதலைவர்கள், இரண்டு போஷகர்கள், ஒரு செயலாளர், ஒரு உபசெயலாளர், பதினொரு நிர்வாகசபை உறுப்பினர்கள். மொத்தம் பத்தொன்பது பேர். விளையாடுகிறவர்கள் பதினாலு பேர். அந்தப் பதினாலும் பெண்பிள்ளைகள் என்பது பேரவைக்குத் தெரியவரவே ஐந்து வருடம் எடுத்தது.

அதற்கு முன்னால் எங்களுக்கு இருந்தது மரியமலர் அக்கா மட்டும்தான். மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவ. மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு, நாலு இடத்தையும் தொட்டுச் சுற்றி ஓடி வருகிற ஆட்டம். இங்கே அவவுக்கு எயார்போட்டில் துப்புரவு வேலை. புறப்பாட்டு மண்டபத்தில் துடைத்துக்கொண்டு நின்றபோது டிவியில் பேஸ்போல் போனதாம். "உது எங்கட எல்லேயல்லோ, வெள்ளைக்காரனுக்கு ஆர் காட்டிக் குடுத்தது" என்று கேட்டுக்கொண்டே பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து, கடை கடையாக ஏறி, நிற்கிற பெட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தவ. பேஸ்போல் லீக்கில் சேருகிற படிவம் நிரப்பியது நான். சட்டப் புத்தகத்தை ஒருத்தரும் வாசிக்கவில்லை, நானும்தான். எல்லேயில் ஓடுகிறவரின் முதுகில் பந்தால் எறிந்தால் அவர் அவுட். பேஸ்போலில் அது குற்றம். முதல் ஆட்டத்தில் எங்கட கஜானி அதைத்தான் செய்தாள். எறிந்த பந்து குறி தப்பவில்லை. அந்தப் பிரெஞ்சுப் பெட்டை குப்புற விழ, கஜானி கையைத் தூக்கிக்கொண்டு சுற்றி ஓடினாள்.

நடுவர் மரி-கிளேருக்கு அன்றிலிருந்து எங்களைத் தெரியும். புதுச்சேரிக்காரி. விளையாட்டுச் சட்டத்தைத் தவிர வேறெதையும் நம்பாத மனுசி.

பழைய மைதானத்தை மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். லா சப்பலின் ரூ பஜோல் தெருவிலிருந்து எட்டு நிமிட நடை, தண்டவாளத்தின் பக்கத்தில் நகரசபையின் ஒரு துண்டு நிலம். ஞாயிறு இரண்டு மணியிலிருந்து நாலரை வரை எங்களுக்கு. வலது பக்கம் நாற்பது மீற்றரில் வலை. வலையைத் தாண்டினால் ரயில். மூன்று நிமிடத்துக்கு ஒரு ரயில் இரைந்துகொண்டு போகும். வெளியூர் அணிகள் ஒவ்வொரு ரயிலுக்கும் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கட பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் பிறந்து, அந்தச் சத்தத்தில் பரீட்சைக்குப் படித்தவர்கள். ரயில் வரும் நேரம் பார்த்துத்தான் கஜானி பந்து வீசுவாள். இரண்டு வருடம் தொடர்ந்து பிரிவு வெற்றியாளர்களாகி மேல்பிரிவுக்கு ஏறினோம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் பெரிய காரணம். ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் ஒரு கடையும் பூட்டாது. கஜானி சேலைக்கடையில். பந்தைப் பிடிக்கிற மிருணாளினி அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவள். மற்றவர்கள் மரக்கறிக்கடை, பேக்கரி, நகைக்கடை, சாப்பாட்டுக்கடை. முதலாளிமார் இரண்டரை மணித்தியாலம் விடுவார்கள், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. சேலையை மடித்துப்போட்டு ஓடி வந்து, ஆடி, வென்று, திரும்பப் போய் மிச்சச் சேலையை மடிக்கலாம். அரைப் புருவத்தோடு ஒரு அன்ரியை இருத்திவிட்டு மிருணாளினி வந்த நாளும் உண்டு. அன்ரியும் கூடவே வந்து கைதட்டினா.

வெற்றி என்றால் பேரவைக்கு மணம் வரும். இரண்டாவது கோப்பை வந்த கிழமை பொன்னாடைகளோடு வந்தார்கள்.

பேரவை ஒரு கூட்டத்தை எப்படி நடத்தும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை போர்த்தல், நன்றியுரை. நன்றியுரைக்குப் பிறகும் நேரம் இருந்தால் விசயம். அன்றைக்கு நேரம் இருந்தது. தலைவர் பாலச்சந்திரன் அங்கிள் எழும்பி, நிலம் இழந்து வந்த இனம் இன்னமும் அடுத்தவன் நிலத்தில் பந்தடிப்பதா என்று கேட்டார். மண்டபத்தில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். என்ர அப்பாவும் துடைத்தார். பன்னிரண்டு வருடம் சாப்பாட்டுக்கடையில் எச்சில் கோப்பை கழுவின மனுசன். நிலம் என்ற சொல்லுக்கு அவருக்குக் கண்ணீர் தன்பாட்டில் வரும். அது பாலச்சந்திரன் அங்கிளுக்கும் தெரியும்.

பாரிஸுக்கு வடக்கே கூசேன்வில்லுக்கு அப்பால், வயல்வெளிக்கு நடுவில், விமானம் இறங்குகிற பாதைக்கு நேர்கீழே ஒரு நிலத்தை அந்தப் பக்கத்து ஊர் ஒன்று நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தது. பேரவைக்கு இப்போது ஒரு ஆய்வு தேவைப்பட்டது. ஆய்வு இருந்தால்தான் நகரசபைகள் மதிக்கும் என்றார் செயலாளர் தில்லையம்பலம் அங்கிள். போக்குவரத்துப் புவியியலில் பட்டமேற்படிப்பு முடித்தவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்திதான். எங்கட வீட்டின் முதல் பட்டதாரி. அதனால் லா சப்பலில் யாருக்கு என்ன கடதாசி வந்தாலும் வாசிக்கிறவளும் நான்தான். விசா கொடுக்கிற பிரிபெக்சர் கடிதம், வீட்டு வாடகைக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், விவாகரத்துக் கடிதம். அவர்கள் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதுவதென்றால் இதையும் எழுதத்தான் வேணும்.

ஆறு ஞாயிறு வேலை செய்தேன். பதினாலு பிள்ளைகளின் வேலைத்தலத்திலிருந்தும் புறப்பட்டு, கையில் நேரம் பிடித்து, புது இடத்துக்குப் போய் வந்தேன். ஸ்டேசனுக்கு நடை, ரயிலுக்குக் காத்திருப்பு, அரை மணித்தியால ரயில். கூசேன்வில்லில் இறங்கினால் ஞாயிறு பஸ் கிடையாது. அங்கிருந்து மூன்றரைக் கிலோமீற்றர், நடைபாதை இல்லாத தெருவில். பதினாலு வரியில் ஒரு அட்டவணை போட்டேன். பழைய மைதானத்துக்குச் சராசரி பதினொரு நிமிடம், புதியதுக்கு ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம். போக வர மூன்றரை மணித்தியாலம். முதலாளி விடுவது இரண்டரை. கடைசிப் பக்கத்தில் முடிவுரையாக ஒரே வசனம்: "இந்த இடத்துக்குப் போனால் மைதானம் இருக்கும், அணி இருக்காது."

கொடுப்பதற்கு முதல்நாள் பாலச்சந்திரன் அங்கிள் போன் எடுத்தார். "எங்களையும் ஒருக்கால் போட்டு விடன் பிள்ளை, நிர்வாகமும் வந்து போக வேணுமல்லோ" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. அடிக்குறிப்பாகச் சின்ன எழுத்தில் சேர்த்தேன்: எபினே-சூர்-செய்னிலிருந்து, காரில், ஞாயிறு காலை, இருபத்திரண்டு நிமிடம். தலைவரின் வீடு எபினேயில்.

அறிக்கையைச் சாப்பாட்டுக்கடை மேல்மாடியில் வாசித்தேன். பத்தொன்பது பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டி ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். கேள்விக்கு நேரம் விட்டார்கள். செயலாளர் கேட்ட ஒரேயொரு கேள்வி, கார் எத்தனை விடலாம் என்பது. நானூறு என்று தலைவரே பதில் சொன்னார். மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. அந்த மூச்சில்தான் எனக்கு விளங்கியது. இவர்கள் தேடுவது கலியாண மண்டபம். கார் விட இடம், மேடை, சமையலுக்குத் தனி வாசல், பிரமுகர்கள் இருக்க நிழல். இந்த நாலும் சரியென்றால் எங்கட ஆட்களுக்கு இடம் சரி. பொம்பிளை மாப்பிளை எப்படி வந்து சேருவார்கள் என்று எந்த மண்டபக்காரன் யோசித்தான்?

பிறகு சாஸ்திரம் தெரிந்த ஒருவரைக் காரில் கொண்டுபோய்க் காட்டினார்கள். பந்தை அடிக்கிறவர் நிற்கிற இடம் ஈசான மூலையில் இருப்பது சிறப்பு என்றார். வடகிழக்கு மூலையில் நின்று பார்த்தால் எதிரில் தென்மேற்கு. மூன்று மணிக்குப் பிறகு சூரியன் நேராகக் கண்ணுக்குள். உலகத்தில் பேஸ்போல் மைதானம் கட்டுகிறவர்கள் இந்த ஒன்றைத் தவிர்க்கத்தான் முதலில் திசைகாட்டி எடுக்கிறார்கள். மரியமலர் அக்கா ஒரு கடதாசியில் கீறிக்காட்டினா. தில்லையம்பலம் அங்கிள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, சூரியனும் ஒரு கடவுள்தானே தங்கச்சி என்றார்.

திறப்பு விழாவும் பருவத்தின் முதல் ஆட்டமும் ஒரே நாள். ஆட்டம் இரண்டு மணிக்கு.

வாசலில் கறுப்புக் கல்லில் பத்தொன்பது பெயரும் பொறித்திருந்தது. இருபதாவதாக, "ஆய்வு: செல்வி தாட்சாயினி". உள்ளே போகிறவர்களுக்கு விழா மலர் கொடுத்தார்கள். என் ஆய்வு அதில் வந்திருந்தது. அட்டவணை இல்லை. முடிவுரை இல்லை. ஒரு முழுப் பக்கத்தில், விமானத்திலிருந்தும் வாசிக்கக்கூடிய எழுத்தில்: "இருபத்திரண்டே நிமிடம்! பல்கலைக்கழக ஆய்வு உறுதி செய்கிறது." கீழே என்ர படம். போன வருடப் பொன்னாடையோடு.

மேடையடிக்குப் போய்ப் பாலச்சந்திரன் அங்கிளிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் அவரிடம் உள்ள கெட்ட குணம். "நீ எழுதாத ஒண்டும் அதில இல்லைப் பிள்ளை" என்றார். உண்மைதான். நான் எழுதியதுதான்.

பந்து வீசுகிறவள் நிற்பதற்கு மைதான நடுவில் வட்டமாக ஒரு சின்ன மண்மேடு இருக்கும். நிர்வாகசபை அதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் எவ்வளவு யோசித்து விளக்குக்கு இடம் விட்டிருக்கிறான் என்று வியந்து, இடுப்புயரக் குத்துவிளக்கை அதில் நட்டு எண்ணெய் நிரப்பியிருந்தார்கள். எதிரணி புறநகரொன்றிலிருந்து வந்த பிரெஞ்சுப் பிள்ளைகள். அவர்களுக்கும் வரிசையில் நிறுத்திச் சந்தனம் வைத்து, பொன்னாடை போர்த்தி, பன்னீர் தெளித்தார்கள். தலைக்கு மேலே நிமிடத்துக்கொரு விமானம். ஒவ்வொரு விமானத்துக்கும் பேச்சை நிறுத்தி, அது போனபிறகு விட்ட சொல்லிலிருந்து பேசினார் தலைவர். அப்படியும் அவர் சுருக்கவில்லை.

"அணி இண்டைக்கு இருக்கும், நாளைக்கு இல்லாமப் போகும்" என்றார் ஒலிவாங்கியில். "பிள்ளையள் கலியாணம் முடிச்சுப் போவினம். மைதானம் எங்கையும் போகாது. அதுதான் நாங்கள் மைதானத்தைத் தெரிவு செய்தனாங்கள்."

கைதட்டல். நானும் யோசித்துப் பார்த்தேன். அவ்வளவு நேர்மையாக அன்றைக்கு வேறு ஒருத்தரும் பேசவில்லை.

இரண்டு மணிக்கு எங்கட பிள்ளைகள் ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். மற்ற ஏழு பேரின் முதலாளிமாரில் மூன்று பேர் மேடையில் இருந்தார்கள், உபதலைவர்களாக. மைதானத்துக்காக உழைக்கிற அவசரத்தில், கடையில் நிற்கிற பிள்ளைக்கு லீவு கொடுக்க அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை.

சட்டம் சின்னது. ஒன்பது பேர் நின்றால்தான் ஆட்டம். குறித்த நேரத்துக்குப் பிறகு பதினைந்து நிமிடம் பார்ப்பார்கள். அதற்கும் சேராவிட்டால் "ஃபோர்ஃபே", வராதவர்கள் என்று எழுதி ஆட்டத்தை மற்றப் பக்கம் கொடுத்துவிடுவார்கள். ஒரு பருவத்தில் மூன்று ஃபோர்ஃபே என்றால் அணியை லீக்கிலிருந்தே வெட்டிவிடுவார்கள். மரி-கிளேர் மணிக்கூட்டைப் பார்த்தபடி விளக்குக்குப் பக்கத்தில் நின்றா. இரண்டு பதினாறுக்கு என்னிடம் வந்து, "ஸ்கோர் ஷீட்ல எழுதிடும்மா. எழுதிட்டு அந்த எண்ணெய யாராவது தொடைக்கச் சொல்லு, வழுக்கும்" என்றா. ஒன்று.

பேரவை சும்மா இருக்கவில்லை. வருகை மேம்பாட்டு உபகுழு என்று ஒன்பது பேரைப் போட்டார்கள். அணிக்குக் கிடைக்காத ஒன்பது. முதலாவது கூட்டம் லா சப்பலில், அதே மேல்மாடியில். இவ்வளவு நல்ல மைதானமும் மேடையும் இருக்கும்போது கூட்டத்தை ஏன் அங்கேயே வைக்கவில்லை என்று கேட்டேன். தில்லையம்பலம் அங்கிள் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"அங்கை ஆர் பிள்ளை போறது?"

அதைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். எழுதினார். பிறகு எட்டிப் பார்த்தேன். "அமைவிடம் குறித்து ஆக்கபூர்வமான கருத்துப் பரிமாற்றம் இடம்பெற்றது" என்றிருந்தது.

உபகுழு மூன்று தீர்மானம் நிறைவேற்றியது. முதலாவது, பதினைந்து நிமிடத்தை எமது பண்பாட்டுக்கு ஏற்ப இரண்டு மணித்தியாலமாக்கும்படி லீக்குக்கு எழுதுவது. இரண்டாவது, பிள்ளைகளுக்கு நேர முகாமைத்துவத்தில் ஒரு கருத்தரங்கு. கருத்தரங்கு ஒன்றேகால் மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. மூன்றாவது, வீராங்கனை ஒவ்வொருவருக்கும் ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரத்தின் நடுவில் தலைவரின் படம். மணி மூன்றேகாலானால் இரண்டு முள்ளும் சேர்ந்து அவரின் ஒரு காதை மறைக்கும். கஜானி அதைச் சேலைக்கடையில் மாட்டி வைத்திருந்தாள். முதலாளி தலைவரைப் பார்த்துப் பயந்தாவது விடுவான் என்று சொன்னாள். அடுத்த ஞாயிறு எட்டுப் பேர் வந்தார்கள், முதலாளிக்குப் பொய் சொல்லிவிட்டு வந்த இரண்டு பேரையும் சேர்த்து. அந்த எட்டில் கஜானி இல்லை. இரண்டு.

மூன்றாவது ஆட்டத்துக்கு, என்ன வந்தாலும் ஒன்பது பேர் நிற்பதென்று பிள்ளைகள் தாங்களே முடிவெடுத்தார்கள். கஜானி சேலைக்கடையை விட்டாள். நிற்பாட்டவில்லை அவளை, அவளாகவே விட்டாள். ஏழு வருட அணி, ஒரு பருவத்துக்குள் வெட்டுப்படப் போகிறது, சேலை எங்கேயும் மடிக்கலாம் என்றாள். ஆனால் கணக்குத் தீர்க்க முதலாளி அன்று காலையில்தான் வரச் சொன்னபடியால் அவளுக்கு ரயில் ஒன்று பிந்தியது. மற்ற எட்டுப் பேரும் மைதானத்தில் நின்றார்கள். ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கஜானி கூசேன்வில் ஸ்டேசனில் இறங்கி எனக்குப் போன் எடுத்தாள். நான் பாலச்சந்திரன் அங்கிளுக்கு எடுத்தேன். அன்றைக்குப் பிரதம விருந்தினர் ஒருவரைக் கூட்டிவர அவர் அதே ஸ்டேசனுக்குத்தான் போயிருந்தார் என்று எனக்குத் தெரியும். கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு நடந்தது கஜானி சொன்னது. கார் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. முன்சீற்றில் பிரதம விருந்தினர். பின்சீற்றில் ஒரு பக்கம் பொன்னாடைப் பெட்டிகள். மற்றப் பக்கம், சீற்பெல்ற் போட்டபடி, குத்துவிளக்கு.

"விளக்கை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறன் அங்கிள்" என்று கேட்டிருக்கிறாள்.

"எண்ணெய் விட்டாச்சுப் பிள்ளை, சரிஞ்சால் சீற் பழுதாப்போம்" என்றாராம். "நீ இளம் பிள்ளை. ஓடியா. இருபத்திரண்டு நிமிசம்தானே."

ஓடித்தான் வந்தாள். நடைபாதை இல்லாத தெருவில், மூன்றரைக் கிலோமீற்றர், காலணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு. இரண்டு பதினைந்துக்கு மரி-கிளேர் மணிக்கூட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தா. இரண்டு பதினாறுக்கும் பார்த்தா. அவ ஒரு நிமிடம் கூடக் கொடுத்ததை அன்றைக்குத்தான் கண்டேன். இரண்டு பதினேழுக்கு எழுதச் சொன்னா. இரண்டு பத்தொன்பதுக்குக் கஜானி வாசலால் வந்தாள். மண்மேட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்று.

தலைவர் அன்றைக்கும் பேசினார். விமானங்களுக்கு நிறுத்தி நிறுத்தி.

அடுத்த நாள் நான் நகரசபைக்குப் போனேன். பழைய துண்டு நிலம், ஞாயிறு இரண்டிலிருந்து நாலரை. அதைத் திரும்பக் கேட்டுப் புதுப் பெயரில் கீழ்ப்பிரிவிலிருந்து தொடங்கலாம் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள். பேரவை தன் மைதானத்தில் விளக்கேற்றட்டும், எங்களுக்கு எங்கட ரயில் போதும். அலுவலகத்திலிருந்த பெண் ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டு, அந்த நேரத்தை வேறொரு கழகத்துக்குக் கொடுத்தாயிற்று என்றா. ஏன் என்று கேட்டதற்கு வியப்பாக என்னைப் பார்த்து, நீங்கள்தானே வேண்டாம் என்று எழுதினீர்கள் என்று கடிதத்தைத் திருப்பிக் காட்டினா. இனி இந்த நிலம் தேவையில்லை, வீராங்கனைகள் இருபத்திரண்டு நிமிடத்தில் புதிய மைதானத்தை அடைவார்கள், ஆய்வு இணைக்கப்பட்டுள்ளது. லா சப்பலில் எல்லாருடைய கடிதத்தையும் வாசிக்கிற என்னிடம் அந்த ஒரு கடிதம் மட்டும் அனுப்ப முதல் வாசிக்க வரவில்லை.

கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று பாலச்சந்திரன். மற்றது, அணிப் பயிற்றுநர் என்ற இடத்தில், வட்ட வட்டமான தமிழ் எழுத்தில், மரியமலர்.

அந்த ஞாயிறு கூசேன்வில்லுக்குப் போனேன். பேரவைக்காரர் ஒருவரும் இல்லை. முதல்நாள் மேடையில் ஆரோ ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு நடந்திருக்கவேணும், வாழைமரம் இன்னும் கட்டியிருந்தது. மரியமலர் அக்கா தனிய நின்று, ஓடுபாதை மண்ணை வறண்டியால் இழுத்து மட்டம் பண்ணிக்கொண்டிருந்தா. ஒருத்தரும் ஓடாத பாதை. பேரவை அவவை மைதானப் பொறுப்பாளர் ஆக்கியிருந்தது. கல்லில் பேர் இல்லை, சாவி மட்டும்.

பிரெஞ்சு விளங்காமல் வைத்த கையெழுத்தா என்று கேட்டேன். அப்படித்தான் சொல்லுவா, நானும் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன்.

"விளங்கித்தான் வைச்சனான்" என்றா. வறண்டி நிற்கவில்லை. "தில்லையம்பலம் அண்ணை வடிவா வாசிச்சுச் சொன்னவர்."

நான் என்னவெல்லாமோ சொன்னேன். கஜானியின் வேலை போனதைச் சொன்னேன். விளக்கைச் சொன்னேன். துரோகம் என்ற சொல்லையும் சொன்னேன், இரண்டு தரம். ஒரு விமானம் போகும்வரைக்கும் அவ பொறுத்துக்கொண்டு நின்றா.

"உன்ர அட்டவணையையும் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். முழுசா. கஜானி, மிருணாளினி எண்டு பதினாலு பேர். கடைசிமட்டும் கேட்டுக்கொண்டு இருந்தனான்" என்றா. "என்ர வீடு எங்கை எண்டு உனக்குத் தெரியும்தானே."

தெரியும். கூசேன்வில். ஸ்டேசனுக்குப் பின்னால், நாலாம் மாடி. எயார்போட் வேலைக்காக எடுத்த வீடு. அவவின் பிரிபெக்சர் படிவங்களில் அந்த முகவரியை நான்தான் வருடா வருடம் எழுதுகிறேன்.

"விடிய மூண்டரைக்கு எழும்பி வேலைக்குப் போய், முடிச்சு, உடுப்பும் மாத்தாமல் லா சப்பலுக்கு வருவன். ஏழு வருஷம். நீங்கள் பதினொரு நிமிசத்தில வாற இடத்துக்கு. ஒருநாளும் ஒருத்தியும் கேட்டதில்லை, அக்கா எப்பிடி வந்தனீங்கள் எண்டு. கிட்ட வந்தால் நல்லாயிருக்கும் எண்டு எனக்கு ஆசை வரக்கூடாதோ?" வறண்டியைத் தடியாக ஊன்றிக்கொண்டு நின்றா. "நீங்களும் வருவியள் எண்டு நினைச்சன். நான் வந்தனான்தானே."

திரும்பி ஸ்டேசனுக்கு நடந்தேன். அவ கூப்பிட்டுச் சாப்பிட்டுப் போகச் சொன்னா. நான் நிற்கவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் அவவை நான் மன்னிக்கவில்லை. கையெழுத்து வைக்க முதல் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் போன ஞாயிறு விடியற்காலை கூசேன்வில்லுக்குப் போய், அவவின் வாசலிலிருந்து எயார்போட்டுக்கும், எயார்போட்டிலிருந்து லா சப்பல் பழைய மைதானத்துக்கும் நேரம் பிடித்தேன். அங்கே இப்போது வேறு பிள்ளைகள் வேறு ஏதோ விளையாடுகிறார்கள். ஒவ்வொரு ரயிலுக்கும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மலர்க்குழுவுக்கு: நீங்கள் கேட்ட தலைப்புக்கு என் பதில் மேலே இருக்கிறது. எனது ஆய்வில் ஒரு பிழை இருந்ததை இத்தால் ஒப்புக்கொள்கிறேன். அட்டவணையில் பதினைந்தாவது வரி விடுபட்டுள்ளது. அது பின்வருமாறு:

15. மரியமலர், பயிற்றுநர். வேலைத்தலத்திலிருந்து பழைய மைதானம்: ஒரு மணி இருபத்தாறு நிமிடம். ஏழு வருடம். ஃபோர்ஃபே: இல்லை.

வழக்கம்போல வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்டுங்கள். தலைவரை, விளக்கை, கடிகாரத்தை, எல்லாவற்றையும் வெட்டிவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் போட்டாலும் போதும். முழுப் பக்கத்தில், அந்த இருபத்திரண்டு நிமிடத்தைப் போட்ட எழுத்தில்.